கொடைப் பந்தலில் கேட்ட கேள்விக்கு: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஆண்டு நம்ம கோயில் கொடைத் திருவிழாவில், மதியக் கொடை முடிந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது என்னை அழைத்து, "ஏளா, அந்தப் பிள்ளை ஒங்க ஆபீசுக்கு வந்துச்சாம்லா, என்ன எழுதிக் குடுத்திருக்கு?" என்று கேட்டீர்கள். வந்தாளா வரவில்லையா என்பதைக்கூட நான் சொல்லக் கூடாது என்றேன். "தாய்மாமங்கிட்டயே ரகசியமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். கேள்வி ஊர் நடுவே கேட்கப்பட்டதால், பதிலையும் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் கேட்ட பெண்ணைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ, நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒருங்கிணைந்த சேவை மையம் என்று பெயர். பலகையில் 'சகி' என்றும் எழுதியிருக்கும். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின் ஏற்படுத்தப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரல் 1 முதல் நடக்கும் திட்டம் இது. அதற்கு முன்பு அடிபட்டு வந்த ஒரு பெண், மகளிர் காவல் நிலையம், ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, சமூக நல அலுவலகம், வக்கீல் வீடு என்று அலைந்து, ஒவ்வொரு மேசையிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ஓரிடத்தில் உட்கார்ந்து ஒருமுறை சொன்னால் போதும், மற்றவற்றுக்கு நாங்கள் உடன் போகிறோம். அவசரமென்றால் ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நாள் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அடுத்த வேளை என்ன நடக்குமோ என்ற பயமில்லாமல் ஒருத்தி தூங்கி எழுந்து யோசிக்க அந்த ஐந்து நாளாவது வேறெங்கே கிடைக்கிறது?

நீங்கள் நினைப்பதுபோல யாரும் சண்டை போட்டுக்கொண்டு படியேறி வருவதில்லை. மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்து பீடிக்காரப் பெண்கள் சிலர், இலை வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்கள். உட்கார்ந்ததும் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பேருந்து என்பதுதான். ஒருத்தி மடியிலிருந்த மஞ்சள் பையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை. ஆதார் அட்டை கணவனிடம் இருந்தது, நகையும் அவன் கையில்தான். பைக்குள் இருந்தது பீடிக் கடைப் பாஸ்புக், தன் பெயர் எழுதிய ஒரே தாள் அதுதான் என்று மேசையில் வைத்து, ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டாள். விரலில் பீடித்தூள் வாசனை இருந்தது. தேநீர் வந்து, அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் படிவத்தை வெளியே எடுக்கவில்லை.

அந்தப் படிவத்துக்குக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு அலுவலர் வழியாக அது நீதித்துறை நடுவரிடம் போகும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எப்படி அடித்தான் என்று அதில் எழுத வேண்டும். தேதி யாருக்கு நினைவிருக்கும்? "ஆனித் தேருக்கு மறுநாள்", "ஆத்துல வெள்ளம் வந்த வாரம்" என்பார்கள். வெள்ளம் என்றால் 2023 டிசம்பர் மூன்றாம் வாரம் என்று நான் எழுதிக்கொள்வேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கும், ஆனால் "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னதால் விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியிருக்கும். பக்கத்தில் நின்றவன் அடித்தவனாகவே இருக்கும்போது வேறென்ன சொல்லியிருப்பாள்? அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கூடவே போகிறோம்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன், கோபிக்காதீர்கள். ஊரில் எத்தனையோ வீட்டுச் சண்டைகளைத் திண்ணையில் வைத்துப் பேசி முடித்திருக்கிறீர்கள், அதில் நல்ல மனத்தைத் தவிர வேறு உள்நோக்கம் இருந்ததாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால், கொடைக்கு யார் எவ்வளவு வரி கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முப்பது ஆண்டுக் கணக்கை நோட்டில் தேதியோடு வைத்திருக்கும் நீங்கள், ஒரே பெண்ணை மூன்றாம் முறையாகச் சமாதானம் பேசிப் புருஷன் வீட்டுக்கு அனுப்பியபோது, முதல் இரண்டு முறை அவன் என்ன சொல்லி ஒத்துக்கொண்டான் என்று எங்கே எழுதி வைத்தீர்கள்? எழுதாததால் ஒவ்வொரு முறையும் அது முதல் முறையாகவே ஆகிவிடுகிறது. அவன் ஒவ்வொரு முறையும் தெரியாமல் செய்துவிட்டவனாகவே வந்து நிற்கிறான்.

மையம் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று பந்தலில் யாரோ சொன்னார்கள். வருகிறவர்களில் பலர் அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். போ என்றோ போகாதே என்றோ நாங்கள் சொல்வதில்லை. வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நடுவர் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவளுடைய வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் இலவசம். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அப்படி முடிந்தவற்றை நான் ஒரு கை விரலில் எண்ணிவிடுவேன். இதையும் மறைக்கக் கூடாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள், நாடு முழுவதும் பார்த்தால், நூற்றுக்கு 14 பேர்தான். படியேறி வரும் அந்தச் சிலரும், வந்த செய்தி கொடைப் பந்தலுக்குப் போய்விடும் என்று தெரிந்தால் வருவார்களா மாமா? அதனால்தான் அன்று வாயைத் திறக்கவில்லை. என் சொந்த அக்காவே வந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

இனி ஒரு பஞ்சாயத்து வந்தால், அந்தப் பெண்ணை ஆண்கள் இல்லாத இடத்தில் அத்தையோடு உட்கார வைத்துத் தனியாகக் கேளுங்கள். பேசியதைத் தேதி போட்டு எழுதி, ஒரு நகலை அவள் கையில் கொடுங்கள். 181 என்ற எண்ணையும் அதிலேயே குறித்துவிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கொடைக்கு என் நன்கொடை 500 ரூபாயைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நோட்டில் வரவு வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்