பூமை அறுக்காமல் விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணலி, எண்ணூர், சாத்தங்காடு இரும்பு மார்க்கெட் என்று 31 வருடம் கிரேன் ஓட்டியவன் நான். போன மாதம், பக்கத்தில் யார்டு வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, வண்டியைச் செஞ்சு ஓட்டலாமா, இல்ல காயலான் கடையில போட்டுடலாமா? ஒருதடவ வந்து பாருங்க" என்றார். 12 டன் தூக்கும் ஹைட்ரா, அதாவது முன்னால் நீண்ட கை போன்ற பூமில் சுமையைத் தொங்கவிட்டபடியே ஓடும் கிரேன். (எந்தக் கம்பெனி வண்டியானாலும் எங்கள் பக்கம் ஹைட்ராதான்.) 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டி. ரிப்பேருக்கு மெக்கானிக் போட்ட கணக்கு மூன்றே முக்கால் லட்சம்.

என்ஜின் ஒரே செல்ஃபில் பிடித்தது. சக்கர ஹப் ஆயில் தண்ணீர் கலந்து, பால் விட்ட டீ மாதிரி வந்தது; பேரிங், சீல் மாற்றினால் போதும். பூமை வெறுமனே உயர்த்தி, என்ஜினை அணைத்துவிட்டு, அதைத் தூக்கிப் பிடிக்கும் ஜாக்கின் ராடில் சாக்பீஸ் கோடு போட்டேன். பத்து நிமிடத்தில் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. ஜாக்குக்குள் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். அதற்கும் சீல் கிட் உண்டு. சுமை தூக்கும் இரும்புக் கம்பி ரோப்பின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறுந்திருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். இதில் முள் முள்ளாக நின்றது. புதுசு வாங்கிவிடலாம். அதுவரை "செய்யலாம் தம்பி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பூமைப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் இரும்புப் பெட்டிகள்தான் அதன் செக்ஷன்கள். முதல் செக்‌ஷன் வாய்க்குக் கீழே பெயின்ட் மயிரிழை போல வெடித்து, துரு கசிந்திருந்தது. சுரண்டி, டீசல் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு நடுவே எண்ணெய்க் கோடு எழுந்தது. அரையடி நீளம். ஒட்டினாற்போல் பழைய பேட்ச் வெல்டிங். பூம் தகடு சாதாரண இரும்பு இல்லை, உறுதி கூட்டிய எஃகு. தயாரித்தவர் சொல்லும் வெல்டிங் ராடு, சூடு எதையும் பார்க்காமல் தெருமுனைக் கடையில் பற்ற வைத்தால், பேட்சுக்குப் பக்கத்துத் தகடு பலம் இழந்து அங்கிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். இதில் அதுதான் நடந்திருந்தது. "வேணாம் தம்பி, போட்டுடுங்க" என்றேன்.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான். புரோக்கர் வந்தார். அறுத்து எடைக்குப் போட்டால் ஒரு விலை. பூமை அறுக்காமல் முழுசாகக் கொடுத்தால் ஒன்றரை லட்சம் கூட என்றார். எதற்குக் கூடத் தருகிறார்? அந்த பூம் பெயின்ட் அடித்து இன்னொரு வண்டியில் ஏறப்போகிறது.

1998இல் மணலியில் ஒரு யார்டில் நான் ஓட்டிய வண்டியின் பூம் அப்படி வந்ததுதான். பளபளவென்று மஞ்சள் பெயின்ட். மூன்று டன் பைப் கட்டோடு மெதுவாக நகரும்போது மடங்கியது. கயிறு பிடித்துக் கூடவே நடந்துவந்த ஹெல்பர் பையனின் இடது பாதம் போனது. அவனுக்கு 22 வயது. லிவர் என் கையில் இருந்தது. வண்டிக்குச் சோதனைச் சர்டிஃபிகேட்டும் இருந்தது.

தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொன்னது. வண்டி இனி எதற்கும் ஆகாது என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர் இருக்கிறது, என்ஜின் நம்பர் இருக்கிறது. பூமைக் கேட்பார் இல்லை. கிரேனின் ஆர்.சி.யை ரத்து செய்யும்போது, அறுத்த பூமின் போட்டோவையும் சேர்த்து வாங்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். அதுவரை ஓனர்கள் தாங்களாகவே அறுத்துப் போடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

தம்பிக்கு ஒன்றரை லட்சம் சின்னத் தொகை இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. அந்தப் பையனைப் பற்றிச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் போன் செய்து, "அறுத்துடலாம்ணே" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கேஸ் கட்டர் வருகிறது. மூன்று துண்டாக்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போய் நிற்பேன்.

ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர்,
திருவொற்றியூர், சென்னை - 19