நீ சொல்லித்தராத இரண்டு நூற்பாக்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

பணி ஓய்வு பெற்ற அன்று இரவு நீ முகநூலில் எழுதிய பதிவை இந்த மூன்று வாரங்களில் பல முறை திறந்து படித்துவிட்டு, ஒரு விருப்பக்குறிகூட இடாமல் மூடியிருக்கிறேன். "34 ஆண்டுகள் தமிழ்ப் பாடம் நடத்தினேன். நன்றாக நடத்தினேன். இதை வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், இனிக் காத்திருக்கப் போவதில்லை" என்று நீ தொடங்கியிருந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கூச்சம். உன் சார்பில் நான் கூசுவதாக அப்போது எண்ணிக்கொண்டேன். உனக்கு அந்தக் கூச்சம் இல்லாமல் போனதே எனக்குக் கோபமாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்த மௌனத்துக்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை இங்கே எழுதியிருக்க மாட்டேன். நம் உறவினர் சிலர் சேர்ந்திருக்கும், நீ இல்லாத ஒரு வாட்ஸப் குழுவில் உன் பதிவின் படம் மறுநாள் காலையில் வந்து விழுந்தது. அதன் கீழே ஒருவர் எழுதியதை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. எழுதியவரும் இதைப் படிப்பார், அவர் முகத்தில் நான் விழிக்க வேண்டியிருக்கிறது. தம்பட்டம் என்ற சொல் அதில் இருந்தது என்ற அளவோடு விட்டுவிடுகிறேன். வரிசையாகச் சிலர் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன். என் வேலையில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க அரை நாள் எடுத்துக்கொள்பவள், அந்தப் பொம்மையைத் தேர்ந்தெடுக்க ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அந்தக் கூச்சத்தை எனக்குக் கற்பித்தவள் நீதான். எனக்கு 12 வயது, உனக்கு 20. கட்டுரைப் போட்டியில் வாங்கிய சான்றிதழை வந்திருந்தவர்களிடம் நான் இரண்டாம் முறையாக எடுத்துக் காட்டியபோது நீ என்னை உள்ளே அழைத்தாய். அதட்டவில்லை, பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டே, அந்த ஆண்டு உனக்குப் பாடமாக இருந்த நன்னூலிலிருந்து இரண்டு அடிகளை என்னை மூன்று முறை சொல்ல வைத்தாய். "தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே." பிறர் காணாத நுட்பங்களையெல்லாம் கண்டு, பல துறைகளிலும் நூல் செய்து முடித்தவனே ஆனாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று பொருளும் சொன்னாய். உன் விரல்கள் என் தலையில் இருந்ததால் அந்த அடிகள் எனக்குத் தண்டனையாகவே தோன்றவில்லை. இன்றும் யாராவது என்னைப் பாராட்டத் தொடங்கினால் பிடரியில் ஒரு சீப்பு இறங்குவதுபோல் இருக்கிறது, உடனே பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் அதோடு நிறுத்தவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது 40ஐத் தாண்டிவிட்டது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்காக நன்னூலின் முன்னுரையான பாயிரப் பகுதியைப் புரட்டியபோது, நீ எனக்குத் தந்த நூற்பாவுக்கு அடுத்தபடியாகவே இன்னொன்று நின்றது. மன்னனின் அவைக்கு ஓலைக்கவி எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் "தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே" என்று அது சொல்கிறது. அக்கா, வேலைக்கான விண்ணப்பம் ஓலைக்கவி இல்லாமல் வேறென்ன? முன்பின் அறியாத நால்வர் உட்கார்ந்திருக்கும் நேர்காணல் அறை, தன் ஆற்றலை உணராதவர்களின் இடம் இல்லாமல் வேறென்ன? எனக்கு எது நன்றாக வரும் என்று அங்கே கேட்டபோதெல்லாம் "ஏதோ முடிந்ததைச் செய்வேன்" என்று பதில் சொல்லிவிட்டு, என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தேர்வுக்காக இரண்டையும் படித்தவள், தங்கைக்கு ஒன்றை மட்டும் சொல்லித்தந்தாய். அந்த இன்னொன்றை 34 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்து நீ மட்டும் அணிந்துகொண்டாய். விதி மாறிவிட்டது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு உரிமை இல்லை. இன்றைய நாள் அதைத்தான் நினைவூட்டுகிறது.

7 ஆண்டுகளுக்கு முன் இதே நாள் பிற்பகலில் உன் வீட்டு மாடியில் நாம் இருவரும் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான். இழுத்து உதறி, இரண்டாக மடித்து, நான் நடந்து வந்து என் கையிலிருக்கும் முனைகளை உன் கையில் தர வேண்டும். இரண்டு விரிப்புகள் அப்படி முடிந்தன. மூன்றாவதில் நான் அருகே வந்து முனைகளை நீட்டியபோது நீ வாங்கிக்கொள்ளவில்லை. "உனக்கு அந்தப் பரிசு கிடைத்து எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டாய். 11 நாள் என்றேன். "பள்ளிக்கூடத்தில் ஒருவர் வந்து வாழ்த்துச் சொன்னார், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்" என்றாய். என்னைக் காப்பாற்றுவதற்காக நீ ஒரு பொய் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு உறைப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "நான் பொறாமைப்படுவேன் என்று நினைத்தாயா, அழுதுவிடுவேன் என்று நினைத்தாயா?" நான் அப்போதும் அடக்கத்தின் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். "இதெல்லாம் ஒரு பரிசா அக்கா, சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்றேன். நீ என் கையிலிருந்த முனைகளை வாங்கி, மடித்திருந்ததை முழுவதும் உதறிப் பிரித்து, மேல் விளிம்பை மோவாயில் இடுக்கிக்கொண்டு, அவ்வளவு பெரிய விரிப்பைத் தனியாகவே முதலிலிருந்து மடித்தாய். நான் வெறுங்கையோடு நின்றேன்.

அந்த ஆண்டு உன் பள்ளியில் உனக்கு என்ன நடந்தது என்பதையும், உனக்கு வர வேண்டியது எப்படி வராமல் போனது என்பதையும் இங்கே எழுத மாட்டேன். அந்தக் காயத்தின் மேல் என் மாலையைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். வெற்றியை மறைப்பதைப் பற்றி மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அந்தக் காரணம் எனக்குக் கசந்தது. எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் தன் வெற்றியை மறைக்கிறார். உண்மை தெரியவரும்போது மற்றவருக்கோ, தன்னால் அதைத் தாங்க முடியாது என்று தனக்காக வேறொருவர் முடிவெடுத்தது அவமதிப்பாகப் படுகிறது, மறைத்தவர் மேலிருந்த நம்பிக்கையும் குறைகிறது. நீ விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியில் கேட்டது இதைத்தான். நான் உன்னை அளந்து பார்த்து, நீ சிறியவள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்குப் பணிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்று உன்னை வாழ்த்தியவரை அடுத்த ஆண்டு ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். "உங்கள் அக்கா உங்களைப் பற்றி அன்று கால் மணி நேரம் பேசினார், எந்த நூலில் எந்த வரியை எப்படித் தமிழாக்கினீர்கள் என்றுகூடச் சொன்னார்" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வரும்போது அழுகை போய்ச் சினம் வந்திருந்தது. முன்பின் தெரியாதவரிடம் கால் மணி நேரம் பேச முடிந்த உனக்கு என்னிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. நண்பனைக் காணாத இடத்தில் புகழ வேண்டும், ஆசானை எவ்விடத்தும் புகழ வேண்டும், மைந்தரை நெஞ்சுக்குள்ளேயே புகழ வேண்டும் என்று ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றை நீ மேற்கோள் காட்டுவாய், எனக்குத் தெரியும். உன் நெஞ்சில் நடந்தது எதுவும் என் காதுக்கு எட்டியதில்லை, அக்கா. புகழ்ந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்தில் வளர்க்கப்பட்டவர்கள், தங்களைப் புகழாதவர்களையே வாழ்நாள் முழுவதும் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

நீ சொல்லித்தராத இரண்டாவது நூற்பா, நீ சொல்லித்தந்ததற்கு முன்னால் இருக்கிறது. நூலையும் அதைச் செய்தவனையும் சிறப்பித்துச் சொல்லும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தை எழுத வேண்டியவர்கள் யார் என்று அது வரையறுக்கிறது: தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். இவர்கள் பாயிரம் சொல்வது "கடனே" என்று முடிகிறது. இதைப் படிக்காமல் அடுத்ததை மட்டும் படித்தால் அது வெறும் வாய்ப்பூட்டாகத்தான் தெரியும். நூல் செய்தவன் வாய் மூடியிருக்கலாம் என்று இலக்கணம் துணிந்து சொல்வதற்குக் காரணம், பேசக் கடமைப்பட்டவர்கள் நால்வர் அவனுக்கு இருக்கிறார்கள் என்று அது நம்பியதுதான். அந்த நால்வரும் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பாயிரத்தில் விதி இல்லை. உன் ஆசிரியர்கள் மறைந்துவிட்டார்கள், உன் மாணவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். உன்னொடு கற்றவள் என்று ஒருத்தி மிச்சம் இருந்தாள்; அவளும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு இருந்துவிட்டாள். "வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்" என்று நீ எழுதியதில் அந்த யாராவது நான்தான் என்பதை நான் இவ்வளவு தாமதமாகத்தான் படித்தேன்.

இன்று எல்லாரும் தத்தம் பாயிரத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் என்னுடன் இருக்கும் இளையவர்கள் ஒரு சிறு பயிற்சி முடித்தாலும் சான்றிதழோடு படம் போடுகிறார்கள். அதை ஆரவாரம் என்று சொல்லி முகம் சுளித்துக்கொண்டிருந்த நான், அவர்கள் ஒருவர் பதிவின் கீழ் மற்றவர் தயங்காமல் வாழ்த்து எழுதுவதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் கடனைத் தீர்க்கிறார்கள். எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "இந்தச் சிறியேனுக்கும் இப்படியொரு பெருமையா என்று திகைத்து நிற்கிறேன்" என்ற வகைப் பதிவுகளைக் கண்டால் இப்போதும் எரிச்சல்தான். பணிவைப் போர்த்திக்கொண்டு வரும் தற்பெருமை, நேராகச் சொல்லும் தற்பெருமையைவிட வெறுப்பைத் தேடித்தருகிறது, கேட்பவருக்கு அது போலியாகப் படுகிறது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உன் பதிவில் அந்தப் போர்வை இல்லை. நன்றாக நடத்தினேன் என்று எழுதினாய், முற்றுப்புள்ளி வைத்தாய். எழுதுகிறவளாக அந்த முற்றுப்புள்ளியின் மேல் எனக்குப் பொறாமை.

நேற்றிரவு அந்தக் குழுவில் இப்படி எழுதினேன்: "அக்கா எழுதியது அத்தனையும் உண்மை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு இலக்கணம் சொல்லித்தந்தவள் அவள். அன்று நான் சிரித்தது தவறு." ஆறு பேர் படித்துவிட்டதாகக் காட்டுகிறது, ஒருவரும் பதில் எழுதவில்லை. குழு எது, அதில் யார் யார் என்று நீ கேட்காதே. உன் பதிவின் கீழும் ஒரு பாயிரம் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் நீளம். பிழை இருந்தால் திருத்து.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, நேற்றுப் பிற்பகல்தான் தெரிந்தது, அந்தப் பழைய பரிசைவிடப் பெரியது. நாளை காலை என் பெயரில், என் படத்தோடு, சிறியேன் என்ற சொல் இல்லாமல் அதை நானே அறிவிக்கப்போகிறேன். என்னவென்று இங்கே எழுதவில்லை. இன்று மாலை உன் வீட்டுக்கு வந்து நேரில் சொல்கிறேன். அதற்குள் வேறு யாராவது முந்திக்கொண்டு உன்னிடம் சொல்லி வாழ்த்தினால், இந்த முறை தெரியும் என்று சொல்லாதே.

உன் தங்கை