முட்டி வலி இருந்தாலும் வா, வசந்தி

சிட்னி,
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். புரட்டாசியில் மகன் வீட்டுக்கு வருகிறாய், டிக்கெட்டும் போட்டாயிற்று என்று படித்ததும் சந்தோஷத்தில் மகளைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். ஆனால் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாயே, "இரண்டு முட்டியும் போய்விட்டது, சின்னவர்கள் சுற்றட்டும், நான் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறேன்" என்று, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தரங்கம்பாடி மணலில் பள்ளிக்கூடம் விட்டதும் பையை வைத்துவிட்டு ஓடியவள் நீ. இவ்வளவு தூரம் பறந்து வந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு நான் விடமாட்டேன்.

இந்த ஊர்க் கடற்கரையைப் பற்றி நான் உனக்கு இதுவரை சரியாக எழுதியதே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 2009-இல் இங்கே வந்த புதிதில் நான் கடல் பக்கமே போகவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி என்றால் நம் இருவருக்கும் விளக்கம் வேண்டாம். அதற்குப் பிறகு நீயும் நானும் கடற்கரைக்குப் போனாலும் அலைக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தோம். இங்கேயும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பிராண்டி என்ற கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். நான் மணலில் இறங்கவில்லை, மேலே புல்வெளியில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரம் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனேன். அப்புறம் ஒரு நாள் பாறையோரப் பாதையில் நூறு அடி. இப்படித் துண்டு துண்டாகத்தான் எனக்குக் கடல் திரும்பக் கிடைத்தது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அடம் பிடிக்கிறேன்.

முதல் நாள் உன்னை மான்லி என்ற கடற்கரைக்குத்தான் கூட்டிப்போகப் போகிறேன். சர்க்குலர் கீ என்ற படகுத்துறையில் ஃபெரி ஏறினால் அரை மணி நேரம். ஓபரா ஹவுஸை இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போவோம். நடுவில் துறைமுகத்தின் வாய் திறந்திருக்கும் இடத்தில் வெளிக்கடலின் அலை படகைக் கொஞ்சம் ஆட்டும், பயப்படாதே, உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். இறங்கினால் வண்டிகள் வராத ஒரு கடைத்தெரு, அதைத் தாண்டினால் கடல். அங்கிருந்து வலது கைப் பக்கம் ஷெல்லி பீச் வரைக்கும் நீரை ஒட்டியே சிமெண்டுப் பாதை போகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், தொண்ணூறு வயதுத் தாத்தா பாட்டிகள் எல்லாரும் அந்தப் பாதையில் வருவார்கள். உட்கார பெஞ்சுகள் இருக்கின்றன. அந்த விரிகுடாவில் 2002 முதல் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம். அதனால் கரைக்கு ரொம்பப் பக்கத்திலேயே பெரிய பெரிய மீன்கள் பயமில்லாமல் திரியும். பாதையோரப் பாறையில் ஒரு முழத்துக்கும் மேல் நீளமான ஓணான்கள் வெயில் காயும். ஷெல்லி பீச் மேற்குப் பார்த்தது, இந்தக் கிழக்குக் கரையில் அது அபூர்வம். அதனால் அலை அடங்கிக் குளம்போல் இருக்கும். நீ கணுக்கால் வரைக்கும் நனைந்தால் போதும், அன்றைக்கு.

ஊரே பேசுகிற பாதை பாண்டை கடற்கரையிலிருந்து கூஜி கடற்கரை வரைக்கும் உள்ள ஆறு கிலோமீட்டர். நடக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முழுவதும் போகவேண்டும் என்று யார் சொன்னார்கள்? படிக்கட்டுகள் நிறைய உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் நடுவில் டாமராமா, பிராண்டி, க்ளோவெலி என்று கடற்கரைகள் வந்துகொண்டே இருக்கும், முக்கியமான கடற்கரைகளிலிருந்து வீடு திரும்ப பஸ் உண்டு. முடியவில்லை என்றால் ஏறிவிடலாம். இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். யாரும் உன்னை முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. நாம் பிராண்டியில் தொடங்கி டாமராமா வரைக்கும் போய்த் திரும்புவோம். பிராண்டியில் பாறையை ஒட்டி 1887-இல் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும் நாளில் குளத்துக்குள் இருப்பவரை இழுத்துப் போகாது. நம்மைப் போல் பயந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அந்தப் பாறைகளைக் கை வைத்துப் பார்க்கவேண்டும், வசந்தி. மஞ்சளும் காவியும் கலந்த மணற்கல், இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. உப்புக் காற்று உள்ளே புகுந்து, உப்பு உறைந்து, கல்லைத் துகள் துகளாக உதிர்த்து, தேனடைபோல் ஓட்டை ஓட்டையாக ஆக்கியிருக்கிறது. நம் ஊர் மாசிலாமணிநாதர் கோயிலின் கற்களைக் கடல் தின்றதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே அதே வேலையைக் கடல் அவசரமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. பிராண்டியைத் தாண்டினால் மலை விளிம்பில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம், 1877-இல் திறந்தது. வெள்ளைக் கல் சிலைகள் எல்லாம் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும். முதல் தடவை அங்கே நின்றபோது நம் ஊரில் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். அழுதேன், மனது லேசானது. உனக்கு வேண்டுமென்றால் அங்கே போவோம், வேண்டாமென்றால் விட்டுவிடுவோம்.

கூஜியில் பெண்களுக்கென்றே ஒரு கடல்நீர்க் குளம் இருக்கிறது. மெக்கைவர்ஸ் என்று பெயர், 1886-இலிருந்து இருக்கிறது. பெண்களும் சிறு குழந்தைகளும் மட்டும்தான் உள்ளே போகலாம். நம் காலத்தில் ஆண்பிள்ளைகள் கடலில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள், நாம் பாவாடை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்போம், ஞாபகம் இருக்கிறதா? இங்கே எழுபது வயதுக்காரி என் பக்கத்தில் மல்லாந்து மிதந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறாள். தலையில் முக்காடு போட்ட பெண்கள் அதைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நீந்துகிறார்கள். என் அறுபதாவது வயதில் நான் முதன்முதலாகக் கழுத்தளவு கடல்நீரில் நின்றது அங்கேதான். கீழே போகப் படிகள் செங்குத்தாக இருக்கும், அதனால் உன்னை நான் வலப்பக்கமும் என் மகள் இடப்பக்கமும் பிடித்துக்கொண்டு இறங்குவோம். ஒரு படிக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் சரி. இதை மட்டும் நீ மறுக்கக் கூடாது.

உன் மகனும் மருமகளும் நன்றாக நடப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு ராயல் தேசியப் பூங்கா இருக்கிறது, 1879-இல் அறிவித்த பழைய பூங்கா. பண்டீனாவிலிருந்து ஆட்ஃபர்ட் வரைக்கும் 26 கிலோமீட்டர் கடலோரப் பாதை, பெரும்பாலும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். தண்ணீரைச் சுமந்துகொண்டு போகவேண்டும், செல்போன் பல இடங்களில் எடுக்காது என்று இப்போதே சொல்லி வை. வழியில் வாட்டமோல்லா என்ற இடத்துக்குக் கார் போகும். அவர்கள் காலையில் நடக்கத் தொடங்கட்டும், நாம் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் அங்கே இருக்கும் காயலோரத்தில் நிழலில் உட்கார்ந்திருப்போம். வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். பார்த்தாயா, உன் சமையலுக்கும் இடம் வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போவோம். 1985-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், காடு சூழ்ந்த மேட்டில் இருக்கிறது. தரிசனம் முடித்துக் கோயில் கேண்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுக் காரில் சிறிது தூரம் போனால் பால்ட் ஹில் என்ற குன்று. நின்ற இடத்திலிருந்தே தெற்கே முழுக் கரையும் தெரியும், ஒரு அடிகூட நடக்கவேண்டாம். அதன் கீழே இருக்கும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894-இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிபோல் செய்த நான்கு பட்டங்களை ஒன்றாகக் கட்டித் தரையிலிருந்து 16 அடி உயரத்துக்கு எழும்பினார். விமானம் வருவதற்கு முந்திய காலம் அது! இன்னும் தெற்கே போனால் மலையை விட்டு விலகிக் கடல்மேல் வளைந்து போகிற பாலம், 665 மீட்டர் நீளம். மலையிலிருந்து பாறைகள் சாலையில் விழுந்துகொண்டே இருந்ததால் பழைய வழியை மூடிவிட்டு 2005-இல் இதைத் திறந்தார்கள். நடக்கிறவர்களுக்குத் தனிப் பாதை, கைப்பிடி இருக்கிறது, படியே கிடையாது. கீழே அலை பாறையில் மோதும் சத்தம் காலடியில் கேட்கும். நீ வரும் மாதங்களில் திமிங்கலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பிப் போகும், கண்ணை வெளிக்கடலில் வைத்திருந்தால் மூச்சு விடும் நீர்த்தூவலாவது தெரியும்.

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பு. கடலில் இறங்கினால் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும். காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அதுதான். வெளியே அமைதியாகத் தெரிகிற நீரில்தான் உள்ளே இழுக்கிற நீரோட்டம் இருக்கும். மகனிடமும் சொல், அப்படி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல் மிதந்துகொண்டு கையைத் தூக்கவேண்டும். அடுத்தது வெயில். குளிர்ந்த காற்று அடிக்கும்போது வெயில் தெரியாது, ஆனால் நம் கறுத்த தோலையும் சுட்டுவிடும். அகலமான தொப்பி கட்டாயம், புடவைத் தலைப்பு போதாது.

டாக்டர் முட்டிக்கு உறை போட்டுக்கொள்ளச் சொன்னாரென்றால் அதையும், கைத்தடி இருந்தால் அதையும் கொண்டு வா. இங்கே பாதி பேர் தடியோடுதான் நடக்கிறார்கள். ரப்பர் செருப்போடு மட்டும் வந்துவிடாதே, ஈரப் பாறையில் வழுக்கும். பதிலில் உன் கால் அளவை எழுது. ஒரு காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினாலும் சரி. பிடிமானமுள்ள ஷூ ஒன்று வாங்கி, நான் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு இளக்கி வைக்கிறேன். நம் இருவருக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒரே அளவுதானே.

அன்புடன்,
உன் மீனா