பலூனுக்கு முன் கல்சியத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

இதயநாடி அடைப்பும், நாடியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டும் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாடிக்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதினால் அடைப்பு விலகிவிடும் என்பதுபோல எழுதியிருந்தது. மென்மையான கொழுப்புப் படிவென்றால் சரி. கல்சியம் இறுகிய நாடியில் கதை வேறு. பலூன் முழுதாக விரியாது, வைக்கும் ஸ்டென்டும் அரைகுறையாகவே விரியும். அப்புறம் அதே இடத்தில் இரத்தம் உறையவோ, மறுபடி அடைபடவோ வாய்ப்பு அதிகம். அதனால்தான் நிமிடத்துக்குச் சுமார் 150,000 தடவை சுழலும், வைரத்துகள் பதித்த சிறு துருவியாலோ அதிர்வலை பலூனாலோ முதலில் கல்சியத்தைத் தேய்த்தோ உடைத்தோ இளக்குகிறார்கள்.

நீரிழிவு உள்ள என் அத்தான் உப்புவெளியிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குப் போனார். அங்கே துருவி இல்லை என்பது, பலூன் இரண்டு தடவை விரியாமற்போன பிறகே தெரிந்தது. வேறோர் இடத்துக்குத் திகதி வாங்கிக்கொண்டு திரும்பினார். போய்வர 500 கிலோமீற்றர், அதுவும் நெஞ்சுவலியோடு! நாடி அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே பரிசோதனையான அஞ்சியோகிராமின் அறிக்கையிலேயே கல்சியத்தின் அளவையும் தேவைப்படக்கூடிய கருவியையும் குறித்து, அது இருக்கும் வைத்தியசாலைக்கே நோயாளியை நேராக அனுப்பச் சுகாதார அமைச்சு ஒழுங்கு செய்யலாம்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.