பயிற்சிக்கும் அளவு எழுதித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சோர்வில் இருக்கும் முதியவரிடம் "எழுந்து நாலு நடை நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதில் பயனில்லை. எழுந்திருக்கவே மனம் வராததுதான் அந்த நோய். எத்தனை நிமிடம், என்ன வேகம், வாரத்தில் எத்தனை நாள், துணைக்கு யார் என்று மாத்திரைக்கு எழுதுவதைப் போலவே பயிற்சிக்கும் மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வுள்ள 156 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 வார முடிவில் பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் மாத்திரைதான் விரைவாக வேலை செய்தது. ஆகவே மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. பயிற்சி அதற்குத் துணை.

முதல் வாரம் 10 நிமிட நடை, 3 நாள் போதும். வாரந்தோறும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, 30 நிமிடத்துக்கு வந்தபின் நாட்களைக் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாடியை எண்ணி வேகம் பார்க்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது.

பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சியை. வாரத்தில் 2 நாளாவது செய்ய வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு 8 முதல் 10 முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பிடிமானத்தோடு குதிகாலை உயர்த்துவது: ஒவ்வொன்றும் 2 சுற்று. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது மூச்சை விட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். ஆர்வத்தில் அரைமணி நேரம் நடக்கவைத்து, மறுநாள் முழங்கால் வலித்ததும் அடியோடு நின்றுபோகும். காலையில் மனம் மிகவும் கனக்கிறவர்களை விடியலில் வற்புறுத்துவதும் தவறு. மாலையில் அழைத்துப் போகலாம். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளால் எழும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழ நேரிடும். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்பின் அளவைக் குறைக்கும். திடீர்க் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் சோம்பல் என்று கடியாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மார்பு வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாப்பிட மறுத்தாலோ, "இனி இருந்து என்ன பயன்" என்று பேசினாலோ நடைக்குக் கூப்பிடும் நேரமல்ல அது. தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நல இயன்முறை மருத்துவர்கள்