ஆம்ப்ளிஃபயரின் கனம் ஏன் குறைந்தது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் புதிய ஆம்ப்பைக் கையில் தூக்கிப் பார்த்ததும் பலர் கேட்கும் கேள்வி, "உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கா?" என்பதுதான். கேட்பது நியாயமே. நாங்களும் பல வருடம் 24-0-24 டிரான்ஸ்பார்மர் (நடு வயரிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் தருவது) போட்டு ஆம்ப் கட்டியவர்கள். அந்த செட்டுகள் இன்றும் நன்றாகப் பாடுகின்றன.

இப்போது அந்தக் கனமான டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) போடுகிறோம், கனம் குறைந்தது அதனால்தான். ஆனால் நாங்கள் மாறியது வோல்டேஜுக்காக. சாயங்காலம் லைன் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால், சாதாரண டிரான்ஸ்பார்மரின் அவுட்புட்டும் அதே விகிதத்தில் இறங்கும். வோல்டேஜ் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கும். ஆனால் 100 வாட் ஆம்ப் 60 வாட் பக்கம் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வால்யூமைக் கூட்டினால் பேஸ் கிழியும். நல்ல எஸ்எம்பிஎஸ் லைன் கரண்டை முதலில் டிசியாக்கி, நொடிக்கு ஐம்பதாயிரம் தடவைக்கு மேல் வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பும். அவுட்புட்டை அதுவே கவனித்துச் சரிசெய்துகொள்வதால் 180-லும் வோல்டேஜ் அப்படியே நிற்கும்.

ஆனால் தயவுசெய்து எல்இடி லைட்டுக்கு விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டாதீர்கள். லைட் ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும். பாட்டு அப்படியில்லை, ஒவ்வொரு பேஸ் அடிக்கும் திடீரென்று இழுக்கும். சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நொடி கட் ஆகும். பாட்டு நின்றதும் ஆம்ப் போர்டு போச்சு என்று கொண்டு வருகிறார்கள். பார்த்தால் போர்டில் ஒரு குறையும் இருக்காது. சிலர் இதற்குப் பெரிய கெப்பாசிட்டர்களைச் சேர்க்கிறார்கள். அதை நிரப்ப முடியாமல் சப்ளை ஸ்டார்ட்டே ஆகாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். சேனலுக்கு 50 வாட் கொடுக்கும் ஸ்டீரியோ கிளாஸ் டி போர்டு (ஸ்விட்ச் முறையில் ஓடும் ஆம்ப் போர்டு) என்றால் 24 வோல்ட், 6 ஆம்பியர் சப்ளை போடுங்கள்.

அப்புறம், எர்த். பிளக்கின் மூன்றாவது பின்னை எடுத்துவிடாதீர்கள். இரைச்சலைத் தடுக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகப் பெட்டிக்கு வரும் கொஞ்சம் கரண்ட் எர்த்தில்தான் இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், ஹம்மும் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மூடியைத் திறக்காமல் அப்படியே எங்களிடம் கொண்டு வாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் ஆம்ப்தான் வேண்டும் என்பவர்களுக்கு இப்போதும் கட்டித் தருகிறோம். ஆர்டர் கொடுக்கும்போது உங்கள் வீட்டில் சாயங்காலம் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆம்ப்ளிஃபயர் கடையினர்