கடலோர வீட்டில் எது தானாகக் காய்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரசாயனம் கலக்காமல் வீட்டைச் சுத்தம் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வினிகர், சமையல் சோடா, பழத்தோல் ஊறிய நீர் என்று அதில் சொன்ன எதன் மேலும் எனக்குப் பகை இல்லை. ஆனால் எழுதியவர் காற்று காய்ந்த ஊர்க்காரர் என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. தெளித்துவிட்டுத் தானாகக் காயவிடச் சொல்கிறார். கடலுக்குப் பக்கத்தில் எது ஐயா தானாகக் காய்கிறது?

கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். துருவேறிய கீல், உப்பிக்கொண்டு மூட மறுக்கும் கதவு, பீரோவுக்குப் பின்னால் கறுத்துப்போன சுவர் என்றால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் பார்த்தவரையில், இந்த வீடுகளைக் கெடுப்பவை உப்பும் ஈரமும்தான். தூசியெல்லாம் அதற்குப் பிறகு.

காற்றோடு வரும் உப்பு, ஜன்னல் கம்பியிலும் கண்ணாடியிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். மழையே இல்லாத நாளிலும் கம்பி பிசுபிசுப்பது இதனால்தான், துரு ஓய்வில்லாமல் அரிப்பதும் இதனால்தான். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு கொஞ்சம் இடம் மாறும், அவ்வளவுதான். அதைக் கரைத்து எடுக்க நல்ல தண்ணீர் போதும். ஈரத்துணியால் ஒருமுறை, அலசிப் பிழிந்த துணியால் மறுமுறை, கடைசியில் உலர்ந்த பழைய பருத்தித் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். அந்தக் கடைசித் துணியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரும்புக் கம்பியில் வினிகரைத் தெளித்துவிட்டு அப்படியே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அமிலம் துருவைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கழுவித் துடைக்காமல் விட்டால் அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் விட்டுவைக்காது. பளிங்குத் தரையில் வினிகரோ எலுமிச்சையோ பட்டால் மெருகு போய்விடும், ஓடுகளுக்கு இடையே பூசிய சிமென்டும் நாளடைவில் அரித்துப்போகும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது கட்டுரை. நுரை பொங்குவதைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்ட பிறகு பாட்டிலில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். எங்கள் பக்கத்தில் உப்புக்கா பஞ்சம்? சோடாவை அழுக்குப் பிடித்த இடத்தில் தேய்க்கப் பயன்படுத்துங்கள். வினிகரைக் குழாயில் படியும் வெள்ளைக் கறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக இருந்தால் இரண்டும் வேலை செய்யும்.

பூஞ்சைக்கு வருகிறேன். மேல்மாடியில் ஓர் அம்மா, கடைப் பாட்டில் எதுவுமே தன் வீட்டுக்குள் வராது என்று பெருமையாகச் சொல்வார். தினமும் சாயங்காலம் தரையைச் சொட்டச் சொட்டத் துடைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார். அவர் துணி அலமாரியைத் திறந்தால் முடை நாற்றம். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், கூடவே மரம், துணி, தோல், தூசி என்று ஏதாவது தீனி. உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். நனைந்தது எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் வேர்விடாது. அதனால் துணியை நன்றாகப் பிழிந்து, வெயில் ஏறிய பிறகு தரையைத் துடைத்து, மின்விசிறியைச் சுழலவிடுங்கள் என்கிறேன். விடிகாலையில்தான் ஈரப்பதம் மிகுதி. தரை ஓடு வியர்க்கிறதென்றால், வெளியிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராகிறது என்று பொருள். அந்த நேரத்தில் காற்றோட்டம் நல்லது என்று ஜன்னலைத் திறந்துவைத்தால் இன்னும் வியர்க்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். குளியலறைச் சுவரில் வழியும் நீரை ரப்பர் பட்டையால் வழித்துவிட அரை நிமிடம் ஆகுமா? சோம்பல்தான் தடை.

ஈரம் உறிஞ்சும் கருவி மின்சாரத்தைத் தின்கிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பூஞ்சை ஏறிய மெத்தையைக் குப்பைக்கு அனுப்பிப் புதியது வாங்குவதும், சுவருக்குத் திரும்பத் திரும்பச் சாயம் பூசுவதும் எந்த வகையில் பசுமை?

வந்துவிட்ட பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் தேய்க்கக் கூடாது. வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியில் சோப்பு நீர் தொட்டுத் துடைத்தெடுத்து, உடனே காயவைக்க வேண்டும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் மருந்து தெளித்துக் கொன்றால் மட்டும் போதாது. கறை போகவில்லையே என்ற எரிச்சலில் பலர் கடைசியில் பிளீச்சிங் திரவத்தை எடுக்கிறார்கள், அதுவும் வினிகர் தெளித்த அதே சுவரில். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். தங்கள் கட்டுரையில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரமாவது, முடிந்தால் கட்டம் கட்டி, அதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புப் பராமரிப்பாளர் ஒருவர்